ஒரு கிலோபைட்டில் அடங்கிய சதுரங்கம்

டொரான்டோவில் 1976-ல் எழுதப்பட்ட ஒரு குட்டி செஸ் புரோகிராம் உலகத்துக்குக் கணக்கு அட்டவணை வரக் காரணமானது. அதன் வாரிசுகள் உலக சாம்பியன்களையே வீழ்த்தின. எல்லா விடையும் செல்போனிலேயே கிடைக்கும் இந்தக் காலத்தில், செஸ் பழகும் பிள்ளை எந்திரத்திடம் எப்போது போக வேண்டும்? சென்னையிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது.

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெரு அப்படியொன்றும் நீளமானதல்ல. ஒரு முனையில் 1568-ல் கட்டிய பரதேசி யூத ஆலயம், அதையொட்டி கடிகாரக் கோபுரம். தெருவின் இரு பக்கமும் ஓடு வேய்ந்த பழைய கிடங்குகள். மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாக இறங்கிய கிடங்குகளில் பல, இன்று சுற்றுலாப் பயணிகளுக்கான பழம்பொருள் கடைகள். இந்தத் தெருவில்தான் 1957 முதல் மிளகின் முன்பேர வணிகம் நடந்தது. இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தக சங்கத்தின் கூடத்தில் தரகர்கள் நேருக்கு நேர் நின்று விலையைக் கூவினார்கள். எதிரில் நிற்பவர் குரலில் ஏறும் அவசரம், முகத்தில் தெரியும் தயக்கம் எல்லாமே கணக்கில் சேரும். 2000-களில் அந்தக் கூச்சல் அடங்கியது. வியாபாரம் கம்ப்யூட்டர் திரைக்குள் போய்விட்டது.

இந்தத் தெருவில் மட்டுமா? சௌகார்பேட்டையிலும் தாதரிலும் கரோல்பாக்கிலும் இன்று வரவு செலவு பார்ப்பது கட்டம் கட்டமாக விரியும் கம்ப்யூட்டர் அட்டவணையில்தான். ஒரு கட்டத்தில் விலையை மாற்றினால் போதும், மொத்தக் கணக்கும் தானாக மாறிவிடும். தனி மனிதர் மேஜையில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டருக்கு இந்த வசதியை முதலில் கொண்டுவந்தது 1979-ல் வெளியான விசிகால்க். டான் பிரிக்லின், பாப் ஃப்ராங்ஸ்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. விற்றது பர்சனல் சாஃப்ட்வேர் என்ற சிறு கம்பெனி. உருவாக்கும் செலவுக்குக் கைகொடுத்த பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? செஸ் விற்ற காசிலிருந்து.

அந்த செஸ் புரோகிராமின் பெயர் மைக்ரோசெஸ்.

பத்து டாலருக்கு ஒரு எதிராளி

பீட்டர் ஜென்னிங்ஸ் கனடாவின் டொரான்டோ நகரத்துக்காரர். 1976-ல் அவர் கிம்-1 என்ற மைக்ரோ கம்ப்யூட்டரை வாங்கினார். விலை 245 டாலர். கம்ப்யூட்டர் என்றதும் திரையும் டைப் அடிக்கும் பலகையும் மனதில் வந்தால் அழித்துவிட வேண்டியதுதான். கிம்-1 என்பது வெறும் சர்க்யூட் பலகை. கால்குலேட்டரில் இருப்பது போலச் சில பொத்தான்கள், சிவப்பு வெளிச்சத்தில் ஆறு எழுத்துக்கு இடம். அவ்வளவே. நினைவகம் ஒரு கிலோபைட்டுக்குச் சற்றே அதிகம். துல்லியமாக 1,152 பைட்.

இதற்குள் செஸ் ஆடும் புத்தியைத் திணிக்க முடியுமா? அதற்கு முன் செஸ் ஆடிய எந்திரங்கள் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் அறை முழுக்க இடம் பிடித்துக்கொண்டவை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் 1956-ல் மேனியக் என்ற ராட்சத எந்திரம்கூட பிஷப்புகளை எடுத்துவிட்டு, 64 கட்டத்தை 36 ஆகக் குறைத்துத்தான் ஆடியது. ஜென்னிங்ஸ் ஒரு காயையும் எடுக்கவில்லை, ஒரு கட்டத்தையும் குறைக்கவில்லை. அவருடைய புரோகிராமின் நீளம் 924 பைட்.

இது எவ்வளவு சின்னது என்பதைத் தமிழில் கணக்கிடலாம். இன்றைய கம்ப்யூட்டர்கள் தமிழைச் சேமிக்கும் முறையில் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் 3 பைட் வேண்டும். புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக இன்னும் மூன்று மூன்று. ஆக 924 பைட்டில் அடங்குவது 308 குறிகள். மேலே உள்ள பத்தியே அதற்குள் அடங்காது.

இடத்தை மிச்சப்படுத்த ஜென்னிங்ஸ் கையாண்ட வழிகளில் ஒன்று எளிமையானது. பலகையின் 64 கட்டங்களில் எதில் என்ன இருக்கிறது என்று அவர் எழுதி வைக்கவில்லை. காய்கள் மொத்தம் 32. ஒவ்வொரு காயும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை மட்டும் குறித்தார். 64 இடம் தேவைப்பட்ட வேலை 32-ல் முடிந்தது. ஆரம்ப நகர்த்தல்கள் சிலவற்றுக்கும் இடம் கிடைத்தது. ராஜாவைக் கோட்டைக்குள் வைக்கும் காஸ்லிங், சிப்பாயைப் போகிற போக்கில் வெட்டும் ஆன் பாஸான் போன்ற விதிகளுக்கு இடமில்லை. அவற்றை ஆடுகிறவரே பொத்தானை அழுத்திச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பலகையும் திரையில் வராது. எந்தக் காய், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று சிவப்பு எண்கள் மட்டும் மின்னும். பக்கத்தில் நிஜப் பலகையை வைத்துக்கொண்டு எந்திரத்தின் காயையும் மனிதரே நகர்த்த வேண்டும். நிதானமாக ஆடவிட்டால் எந்திரம் ஒரு நகர்த்தலுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 100 விநாடி.

1976 டிசம்பரில் ஜென்னிங்ஸ் இதை விற்பனைக்கு அனுப்பத் தொடங்கினார். விலை 10 டாலர். வாங்கியவர் கைக்கு வந்தது புரோகிராம் வரிகளை அச்சிட்ட ஒரு சிறு புத்தகம். அதைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டி எந்திரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு எண் தவறினாலும் ஆட்டம் நின்றுவிடும். கிம்-1 தயாரித்த மோஸ் டெக்னாலஜியின் சக் பெடில் 1,000 டாலர் தருகிறேன், உரிமை முழுவதையும் கொடுங்கள் என்று கேட்டார். ஜென்னிங்ஸ் மறுத்துவிட்டார். அது நல்லதாகப் போயிற்று. ஆப்பிள், டிஆர்எஸ்-80, காமடோர் பெட் என்று அடுத்தடுத்து வந்த கம்ப்யூட்டர்களுக்கும் மைக்ரோசெஸ் மாற்றி எழுதப்பட்டது. விற்பனை 50,000 பிரதிகளைத் தாண்டியது. டான் ஃபில்ஸ்ட்ராவுடன் கூட்டாக ஜென்னிங்ஸ் நடத்திய கம்பெனிதான் பர்சனல் சாஃப்ட்வேர். பொழுதுபோக்கில் வந்த லாபம் விசிகால்க்குக்குப் போயிற்று. விளையாட்டுச் சாமான் என்று அதுவரை கருதப்பட்ட மைக்ரோ கம்ப்யூட்டரை அலுவலகங்கள் தேடி வாங்க ஆரம்பித்தது விசிகால்க்குக்குப் பிறகுதான்.

எந்திரம் எப்படி யோசிக்கிறது?

'நான் இதை வைத்தால் அவன் அதை வைப்பான். அப்போது நான் இன்னொன்றை வைப்பேன்.' திண்ணையில் ஆடு புலி ஆட்டம் ஆடுகிறவரும் இப்படித்தான் யோசிக்கிறார். எந்திரம் செய்வதும் இதையேதான். ஒரே வித்தியாசம், அது எதையும் விடாது.

செஸ்ஸில் முதல் நகர்த்தலுக்கு வெள்ளைக்கு 20 வழிகள் உண்டு. கறுப்புக்கும் 20. ஆக, ஆளுக்கு ஒரு முறை ஆடியதும் பலகை 400 விதமாக இருக்கக்கூடும். வெள்ளை மறுபடி ஆடினால் வழிகள் 8,902. கறுப்பும் ஆடினால் 1,97,281. ஐந்தாவது நகர்த்தலில் 48 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. இந்தப் பெருக்கத்தை 1950-லேயே தன் கட்டுரையில் எடுத்துக்காட்டியவர் அமெரிக்கக் கணித மேதை கிளாட் ஷானன். எல்லா வழிகளையும் கடைசிவரை பார்த்து முடிப்பது எந்த எந்திரத்தாலும் ஆகாத காரியம் என்றும், சில நகர்த்தல்கள் தூரம் பார்த்து, அந்த இடத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று மதிப்பெண் போட வேண்டும் என்றும் அவர் சொன்னார். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்பது வழக்கமான கணக்கு. அதோடு காய்களின் சுதந்திரம், ராஜாவின் பத்திரம் ஆகியவற்றுக்கும் கொஞ்சம்.

மைக்ரோசெஸ்ஸால் அதிக தூரம் பார்க்க முடியாது. தன் நகர்த்தல், அதற்கு எதிராளியின் பதில், அங்கே நடக்கக்கூடிய வெட்டுக்குத்து. அதற்கு மேல் இருட்டு. அடுத்து வந்தவர்கள் இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார்கள். அமெரிக்கத் தம்பதி டான், கேத் ஸ்ப்ராக்லன் எழுதிய சார்கான், 1978 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் மைக்ரோ கம்ப்யூட்டர்களுக்கிடையே நடந்த செஸ் போட்டியில் முதலிடம் பெற்றது. அதன் புரோகிராம் வரிகளும் புத்தகமாக வெளிவந்தன. சார்கான் கையாண்டது வீடு பார்க்கப் போகிறவரின் தந்திரம். வீட்டில் தண்ணீர் வராது என்று தெரிந்ததும் யாரும் அடுப்படி எத்தனை அடி என்று அளந்துகொண்டிருப்பதில்லை. அதே போல, ஒரு நகர்த்தலுக்கு எதிராளியிடம் நல்ல பதில் ஒன்று இருப்பது தெரிந்ததுமே அந்த நகர்த்தலைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது. பார்க்க வேண்டிய வழிகள் வெகுவாகக் குறைந்தன.

சுருக்குவதிலும் போட்டி நடந்தது. இங்கிலாந்தின் டேவிட் ஹார்ன், ஒரு கிலோபைட் நினைவகம் கொண்ட இசட்எக்ஸ்-81 கம்ப்யூட்டருக்கு 672 பைட்டில் ஒரு செஸ் புரோகிராம் எழுதினார். அது 1983-ல் ஒரு பத்திரிகையில் வெளியானது. 2015-ல் வந்த பூட்செஸ் இந்தச் சாதனையை முறியடித்தது. அதன் நீளம் 487 பைட்.

இவற்றில் எதுவும் பெரிய ஆட்டக்காரர் இல்லை. சுமாராக ஆடத் தெரிந்தவரே மைக்ரோசெஸ்ஸை ஜெயித்துவிடலாம். ஆனால் அதிலும் ஒரு நன்மை இருந்தது. அது எங்கே தடுமாறுகிறது என்பதைக் கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டும். உடனடியாகக் காய் கிடைக்கும் என்றால் பாயும். நாலு நகர்த்தல் தள்ளி வரும் ஆபத்து அதன் கண்ணுக்குத் தெரியாது. இதைப் புரிந்துகொண்ட சிறுவன் ஜெயித்தான். புரிந்துகொள்ளாதவன் தோற்றான். இரண்டிலும் யோசித்தது சிறுவன்தான்.

அதே 1976, சென்னையில்

இந்தியாவில் அப்போது வீட்டுக் கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் அப்படி. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்த பிறகே நிலைமை இளகியது. அந்தக் கல்வியாண்டில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களை வழங்கும் கிளாஸ் திட்டம் தொடங்கியது. ஒரு தலைமுறை மாணவர்கள் கம்ப்யூட்டரை முதலில் தொட்டது அப்படித்தான்.

ஆனால் சென்னையில் செஸ் இருந்தது. டொரான்டோவில் ஜென்னிங்ஸ் பைட் பைட்டாக எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் அம்மா சுசீலாவிடம் ஆட்டம் பழகிக்கொண்டிருந்தான். 1969 டிசம்பரில் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த். பழகியவுடன் அவன் போய்ச் சேர்ந்தது சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரன் 1972-ல் அதைத் தொடங்கினார். சோவியத் புத்தகங்களும் பத்திரிகைகளும் அங்கே கிடைத்தன. அதைவிட முக்கியம், அங்கே ஆள் இருந்தது. சில நிமிடங்களில் முடியும் மின்னல் ஆட்டங்கள் ஓயாமல் நடக்கும். ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நாற்காலியை விடக் கூடாது என்றால் வேகமாகவும் ஆட வேண்டும், எதிரில் இருப்பவரின் முகத்தையும் படிக்க வேண்டும். ஜூ டவுன் மிளகுக் கூடத்தில் தரகர்கள் பழகியதும் இந்தப் பாடத்தைத்தான்.

ஆனந்தின் அசாத்திய வேகம் அந்தக் கிளப்பில் வந்தது. 1984-ல் சர்வதேச மாஸ்டர், 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். எந்திரத்துடன் அவர் பழகியது இதற்கெல்லாம் பிறகு அல்லது இதையொட்டி. ஆயிரக்கணக்கான பழைய ஆட்டங்களை நொடியில் தேடித் தரும் செஸ்பேஸ் என்ற ஜெர்மன் சாஃப்ட்வேர் 1987-ல் வந்தபோது, அதை முதலில் கைக்கொண்ட முன்னணி வீரர்களில் அவரும் ஒருவர். அப்போது அவர் கையில் எந்திரம் தந்தது விடை அல்ல, நூலகம்.

லண்டனில் ஒரு பலப்பரீட்சை

மைக்ரோ கம்ப்யூட்டர் செஸ்ஸின் இன்னொரு கிளை இங்கிலாந்தில் வளர்ந்தது. ரிச்சர்ட் லாங் என்பவர் 1981-ல் சைரஸ் என்ற புரோகிராமை எழுதினார். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருந்த சாதாரண இசட்-80 சிப்பில் ஓடிய அது, அந்த ஆண்டின் ஐரோப்பிய மைக்ரோ கம்ப்யூட்டர் போட்டியை வென்றது. 1980-களின் பிற்பகுதியில் மெஃபிஸ்டோ செஸ் கம்ப்யூட்டர்களுக்காக லாங் எழுதிய புரோகிராம்கள் உலக மைக்ரோ கம்ப்யூட்டர் பட்டத்தை வருஷா வருஷம் அள்ளின. அந்த வரிசையில் வந்தது செஸ் ஜீனியஸ்.

1994-ன் கோடை முடியும் நேரத்தில் லண்டனில் இன்டெல் கிராண்ட் பிரி போட்டி. ஆளுக்கு 25 நிமிடம். பென்டியம் சிப் பொருத்திய கம்ப்யூட்டரில் செஸ் ஜீனியஸும் கலந்துகொண்டது. முதல் சுற்றிலேயே அது உலக சாம்பியன் காரி காஸ்பரோவை ஒன்றரைக்கு அரை என்று வெளியேற்றியது. கடையில் வாங்கக்கூடிய கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் உலக சாம்பியனை வீட்டுக்கு அனுப்பியது உலகெங்கும் செய்தியானது. அடுத்து போஸ்னியாவின் கிராண்ட்மாஸ்டர் பிரெட்ராக் நிகோலிச்சும் வீழ்ந்தார். அரையிறுதியில் அதன் எதிரே உட்கார்ந்தவர் ஆனந்த். முடிவு 2-0. இரண்டு ஆட்டத்திலும் எந்திரம் தோற்றது.

அந்தக் காலத்து எந்திரங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. பார்வை எட்டும் எல்லைக்குள் சாமர்த்தியம்; அதற்கு அப்பால் வருவது இல்லாத மாதிரியே நடந்துகொள்ளும். தவிர்க்க முடியாத நஷ்டத்தையும் ஏதாவது ஒரு சிப்பாயைக் கொடுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கும். தொலைநோக்குத் திட்டத்தோடு ஆடுகிற மனிதர் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மைக்ரோசெஸ்ஸை ஜெயித்த சிறுவன் கண்டுகொண்ட அதே பலவீனம்தான். எல்லை மட்டும் தள்ளிப் போயிருந்தது.

அது தள்ளிக்கொண்டே போனது. 1998 ஜூலையில் இத்தாலியின் இஸ்கியா தீவில் ஆனந்த் இன்னொரு எந்திரத்தைச் சந்தித்தார். நெதர்லாந்தின் எட் ஷ்ரோடர் எழுதிய ரெபல்-10. அதுவும் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடியது. எட்டு ஆட்டங்களில் ரெபல் 5, ஆனந்த் 3. இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். மின்னல் ஆட்டங்கள் நான்கில் எந்திரத்துக்கு 3, ஆனந்துக்கு 1. பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டில் எந்திரத்துக்கு ஒன்றரை. ஆனால் முழு நேரம் கொடுத்து ஆடிய இரண்டில் ஒன்றரை எடுத்தவர் ஆனந்த். யோசிக்க நேரம் இருந்தவரை மனிதன் தாக்குப்பிடித்தான்.

அந்த அவகாசமும் விரைவில் தீர்ந்தது. காஸ்பரோவ் 1997-லேயே ஐபிஎம்மின் டீப் புளூவிடம் முழு நேர ஆட்டங்களில் தோற்றிருந்தார். ஆனால் அது தனியாகக் கட்டிய ராட்சத எந்திரம். 2006-ல் ஜெர்மனியின் பான் நகரில் அன்றைய உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக்கை 4-2 என்று தோற்கடித்த டீப் ஃப்ரிட்ஸ், கடையில் கிடைக்கும் சாஃப்ட்வேர். அதற்குப் பிறகு மனிதனும் எந்திரமும் சரிசமமாக மோதும் பேச்சே அடங்கிவிட்டது. இன்று செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் உலக சாம்பியனைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறது.

விடை கிடைக்கிறது, காரணம்?

இங்கேதான் பெற்றோர்களின் கவலை ஆரம்பிக்கிறது. போட்டி முடிந்து வெளியே வரும் குழந்தை முதலில் கேட்பது செல்போனைத்தான். ஆடிய ஆட்டத்தை அதில் போட்டதும் எது சரி, எது தவறு என்று எந்திரம் தசம புள்ளியோடு சொல்லிவிடும். இருபத்து மூன்றாவது நகர்த்தல் தப்பு. குதிரையை இங்கே வைத்திருக்க வேண்டும். ஏன்? அதை எந்திரம் சொல்வதில்லை. பல லட்சம் வழிகளைப் பார்த்த பிறகு அதற்குக் கிடைத்த எண் அது. குழந்தை தலையாட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகிறது. பரீட்சைக்கு முன் விடைத்தாளைப் பார்த்த மாணவனின் நிலைதான்.

மோசமான வழியும் இருக்கிறது. 2006 டிசம்பரில் தில்லியில் நடந்த ஒரு போட்டியில், தொப்பிக்குள் ப்ளூடூத் கருவியைத் தைத்துக்கொண்டு வெளியிலிருந்து கம்ப்யூட்டரின் நகர்த்தல்களைக் கேட்டு ஆடிய வீரர் பிடிபட்டார். அகில இந்திய செஸ் சம்மேளனம் அவருக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. இன்று பெரிய போட்டிகளில் வாசலிலேயே வீரர்களைச் சோதித்து அனுப்புகிறார்கள்.

அதற்காக எந்திரமே வேண்டாம் என்று ஒதுக்க முடியாது. எந்திரம் வந்ததால்தான் மாஸ்கோவுக்கும் மதுரைக்கும் இடையே இருந்த தூரம் குறைந்தது. ஒரு காலத்தில் சோவியத் பயிற்சியாளர்களும் அவர்களுடைய குறிப்பேடுகளும் இல்லாமல் மேலே வர முடியாது. இன்று சிறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கும் அதே ஆட்டங்கள், அதே ஆய்வு. 1988-ல் ஒரே ஒரு கிராண்ட்மாஸ்டர் இருந்த நாட்டில் அந்த எண்ணிக்கை எண்பதைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டின் பங்கு அதில் மிகப் பெரியது. எந்திரத்தைத் தொடலாமா என்பதல்ல, எப்போது தொடலாம் என்பதே கேள்வி.

இதற்குச் சென்னையில் ஒருவர் துணிந்து ஒரு பதில் சொன்னார். கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, தன்னிடம் பயின்ற டி.குகேஷை எந்திரத்தின் பக்கமே விடவில்லை. ஆட்டங்களைத் தானே அலச வேண்டும், தப்பைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். உலகமெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள் எந்திரத்தின் துணையோடு ஆரம்ப நகர்த்தல்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். குகேஷ் 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2,500 ரேட்டிங் புள்ளிகளைத் தாண்டும்வரை எந்திரத்தைப் பயன்படுத்தாமலே வளர்ந்தார். பிறகு பயன்படுத்தினார், அந்த உயரத்தில் அது இல்லாமல் முடியாது. ஆனால் அப்போது எந்திரம் சொல்வதை எதிர்த்துக் கேட்கும் அளவுக்கு அவருக்கென்று ஒரு பார்வை வந்திருந்தது.

இந்த முறை எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. எந்திரத்தோடு சிறு வயதிலேயே பழகி மேலே வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று தெளிவு. மைக்ரோசெஸ் காலத்தில் எந்திரத்தின் பலவீனமே பிள்ளையை யோசிக்க வைத்தது. இன்று அந்தப் பலவீனம் இல்லை. அந்த இடத்தைப் பயிற்சியாளரும் பெற்றோரும்தான் இட்டு நிரப்ப வேண்டும். செல்போனைத் திறக்கும் முன், 'எங்கே தப்பு நடந்தது என்று நீ நினைக்கிறாய்?' என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், பாதி வேலை நடந்துவிடும்.

2024 ஏப்ரலில் உலக சாம்பியனோடு மோதும் உரிமையைப் பெற்றுத் தரும் கேண்டிடேட்ஸ் போட்டியை குகேஷ் வென்றார். அது நடந்த ஊர், ஜென்னிங்ஸ் மைக்ரோசெஸ் எழுதிய அதே டொரான்டோ. அந்த ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரனுடன் பதினான்காவது, கடைசி ஆட்டம். இருவரும் ஆறரைக்கு ஆறரை. பலகையில் காய்கள் குறைந்துவிட்டன. கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷ் கையில் ஒரு சிப்பாய் கூடுதல்; ஆனால் அது போதாது. உலகெங்கும் திரைகளில் எந்திரம் காட்டிய தீர்ப்பு, டிரா. அது சரியான தீர்ப்புதான். இருவரும் எந்திரமாக இருந்திருந்தால் ஆட்டம் அப்படித்தான் முடிந்திருக்கும்.

குகேஷ் கை குலுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் பதினெட்டு நாட்களாக ஆடிக் களைத்த மனிதர், கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நகர்த்திக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் டிங் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் ஒரு கணம் பலகையைப் பார்த்தார், தண்ணீர் பாட்டிலைத் தொட்டார், முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. 58-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. ஏழரைக்கு ஆறரை. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.